ஒரு இன்சுலினைப் பின்தொடர்ந்து செல்லைச் சுற்றி வருவோம்: நுண்ணுறுப்புகளுக்கு முழுமையான வழிகாட்டி

பதினொன்றாம் வகுப்பு உயிரியல் படித்த யாரையாவது நடுராத்திரியில் எழுப்பி "மைட்டோகாண்ட்ரியா?" என்று கேளுங்கள். கண்ணைத் திறக்காமலே "செல்லின் ஆற்றல் நிலையம்" என்று பதில் வரும். ரைபோசோம் புரதத் தொழிற்சாலை, லைசோசோம் தற்கொலைப் பை என்று மற்றதும் வாய்ப்பாடு மாதிரி ஓடும். அப்புறம் இதைக் கேளுங்கள்: "சரி, ரைபோசோமில் செய்த புரதம் அடுத்து எங்கே போகும்?" வண்டி அங்கேயே நின்றுவிடும்.

டியூஷன் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு, பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். இப்போது செய்வது வேறு. ஒரே ஒரு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு, அது உருவாகும் இடத்திலிருந்து செல்லை விட்டு வெளியேறும் வரை கூடவே நடப்பது. வழியில் செல்லுக்குள் தனித்தனி வேலை பார்க்கும் பாகங்களான நுண்ணுறுப்புகள் ஒவ்வொன்றாக வரும், ஏன் அங்கே இருக்கின்றன என்பதும் புரியும். எனக்குப் பிடித்த மூலக்கூறு இன்சுலின். தெருவுக்கு நாலு பேர் சர்க்கரை மாத்திரை போடும் ஊரில் அதற்கு அறிமுகம் தேவையில்லை.

ஒரு வெள்ளை நோட்டு, பென்சில், ஒரு வெங்காயம், ஒரு கத்தரிக்காய் இருந்தால் போதும். இரண்டு மூன்று மாலை நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: கத்தரிக்காயை நறுக்குங்கள்

நறுக்கிய கத்தரிக்காயை அப்படியே தட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வெட்டிய பக்கம் பழுப்பாகிவிடும். காய் கெட்டுப்போகவில்லை. அதன் செல்களில் பீனால் வகைப் பொருட்கள் வாக்குவோல் என்ற பெரிய நீர்ப்பைக்குள் இருக்கின்றன. அவற்றைப் பழுப்பாக்கும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, கணிகங்கள் என்ற வேறு பைகளுக்குள் இருக்கிறது. இரண்டும் ஒரே செல்லில்தான் குடியிருக்கின்றன, ஆனால் சந்தித்ததே இல்லை. கத்தி பட்டுச் சவ்வு கிழிந்ததும் இரண்டும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்கிறது, நிறம் மாறுகிறது. நறுக்கியதும் தண்ணீரில் போடுவது ஆக்சிஜனைத் தடுக்க. வாழைப்பூவை மோர் கலந்த தண்ணீரில் போடுவது, புளிப்பில் அந்த நொதி மந்தமாகிவிடும் என்பதால்.

நுண்ணுறுப்புகளின் அடிப்படை இதுதான். ஒத்துப்போகாத வேலைகளை ஒரே வீட்டில் செய்ய வேண்டுமென்றால் நடுவே சுவர் வேண்டும். செல்லில் அந்தச் சுவர் சவ்வு: கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று, இடையிடையே புரதங்கள் செருகிய மெல்லிய தாள். பாக்டீரியா ஒற்றை அறை வீடு. உட்கருவும் சவ்வு சூழ்ந்த அறைகளும் உள்ள செல்லை யூகேரியோட்டிக் செல் என்கிறோம். நாம், காளான், கத்தரிச்செடி, ஈஸ்ட் எல்லாம் இந்த வகை.

படி 2: பார்க்க முடிந்ததைக் கண்ணால் பாருங்கள்

பள்ளியிலோ தெரிந்தவரிடமோ ஒரு சாதாரண கூட்டு நுண்ணோக்கி கிடைத்தால் இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். வெங்காயத்தின் சதைப்பற்றான ஓட்டை ஒடித்து, உட்பக்கம் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற தோலை உரியுங்கள். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தோலைச் சுருங்காமல் விரித்து, ஒரு சொட்டு அயோடின் அல்லது சாஃப்ரானின் விடுங்கள். மூடுவில்லையைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக இறக்குங்கள். தட்டென்று போட்டால் காற்றுக்குமிழி உள்ளே மாட்டும், கறுப்பு விளிம்போடு வட்டமாகத் தெரியும் அதைத்தான் முதல்முறை பார்க்கிற பாதிப்பேர் செல் என்று வரைந்துவிடுவார்கள்.

செங்கல் அடுக்கியது போல் செல்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, பெரும்பாலும் ஓரத்தில். அதுதான் உட்கரு. நடுவில் இருக்க வேண்டியது ஏன் ஓரத்துக்குப் போனது? நடு இடத்தை வாக்குவோல் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கித் தள்ளிவிட்டது. இதே உட்கருவை ஆர்க்கிட் செல்களில் பார்த்துத்தான் ராபர்ட் பிரவுன் 1831-ல் அதற்குப் பெயர் வைத்தார். இன்னொன்றையும் கவனியுங்கள்: வெங்காயத் தோலில் பச்சை எதுவும் இல்லை. தாவரச் செல் என்றாலே பசுங்கணிகம் இருக்கும் என்று எழுதுவது தவறு. மண்ணுக்கடியில் வெளிச்சம் படாமல் வளரும் பாகத்துக்கு அது எதற்கு?

அடுத்து, மீன் தொட்டி விற்கும் கடையில் ஹைட்ரில்லா ஒரு தண்டு வாங்கி, இளம் இலை ஒன்றைச் சாயம் போடாமல் வையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் சில நிமிடம் விட்டுப் பார்த்தால், பச்சை மணிகள் செல்லின் ஓரமாக வரிசையாக ஊர்வது தெரியும். பசுங்கணிகங்களைச் சுமந்துகொண்டு, செல்லை நிரப்பியிருக்கும் கூழான சைட்டோபிளாசம் ஓடுகிறது. செல் என்பது படத்தில் வரைந்த மாதிரி உறைந்து கிடப்பதல்ல என்பதை இந்த ஒரு காட்சி புரியவைத்துவிடும்.

இதற்கு மேல் இந்த நுண்ணோக்கியில் அதிகம் கிடைக்காது. ஒளியைக் கொண்டு பார்க்கும்போது 0.2 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாக நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். ரைபோசோமும் எண்டோபிளாச வலைப்பின்னலும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் பிடிபட்டன.

படி 3: செல்லை மூன்று மாடி வீடாக்குங்கள்

மைக்ரான், நானோமீட்டர் என்ற சொற்கள் மனதில் நிற்காது. அதனால் எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கிக்கொள்வோம். 1 மைக்ரான் 1 மீட்டராகும், 1 நானோமீட்டர் 1 மில்லிமீட்டராகும். நோட்டில் இந்தக் கணக்கை நீங்களே போடுங்கள், நான் போட்டதோடு ஒப்பிடுங்கள்.

நாம் போகப்போவது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல். குறுக்களவு சுமார் 10 மைக்ரான். ஆக, 10 மீட்டர் உயரமும் அகலமும் உள்ள வீடு, மூன்று மாடி வைத்துக்கொள்ளுங்கள். உட்கரு அதற்குள் ஐந்தாறு மீட்டர் அகலமான பெரிய அறை. மைட்டோகாண்ட்ரியா அரை மீட்டர் தடிமனில் நீளமான உருளைத் தலையணை. இன்சுலின் நிரப்பிய துகள் 30 சென்டிமீட்டர், கால்பந்தைவிடக் கொஞ்சம் பெரிது. ரைபோசோம் ஒரு பெரிய நெல்லிக்காய். நுண்குழல் 25 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு அங்குல பிவிசி பைப். சவ்வு 7 அல்லது 8 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. ஒற்றை இன்சுலின் மூலக்கூறு மிளகைவிடச் சிறிது.

இப்போது டிஎன்ஏ. தடிமன் 2 மில்லிமீட்டர் நூல். ஒரு மனிதச் செல்லில் உள்ளதை நீட்டினால் உண்மையில் 2 மீட்டர் வரும், நம் கணக்கில் 2,000 கிலோமீட்டர். சென்னையில் ரயிலேறினால் கிட்டத்தட்ட டெல்லி வரை நீளும் நூலை ஆறு மீட்டர் அறைக்குள் சிக்கில்லாமல் சுருட்டி வைத்து, அதிலும் வேண்டிய பக்கத்தை வேண்டிய நேரத்தில் விரித்துப் படிக்க வேண்டும். ஹிஸ்டோன் புரதங்கள் மேல் அந்த நூல் சுற்றிக்கொள்வது இதற்காகத்தான்.

படி 4: உட்கருவில் ஓலை எழுதுவது

இன்சுலின் ஜீன் 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. உங்கள் தோலிலும் மூளையிலும் அதே ஜீன் உண்டு, பீட்டா செல்லில்தான் அது வேலை செய்யும் அளவுக்குத் திறந்திருக்கிறது. ஜீன் உட்கருவை விட்டு வெளியே வராது. அதன் நகலாக ஆர்என்ஏ எழுதப்படுகிறது, தேவையில்லாத இரண்டு துண்டுகள் வெட்டி எறியப்பட்டு மீதி ஒட்டப்படுகிறது. தூது ஆர்என்ஏ தயார்.

உட்கருவின் சுவர் இரட்டைச் சவ்வு. வெளிச் சவ்வு அப்படியே நீண்டு எண்டோபிளாச வலைப்பின்னலாகத் தொடர்கிறது. படம் வரையும்போது இரண்டையும் தொடாமல் தனித்தனியாக வரைவது வழக்கமான பிழை. சுவரில் ஆயிரக்கணக்கில் உட்கருத் துளைகள். துளை என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான புரதங்களால் கட்டிய வாசல். சின்ன மூலக்கூறுகள் தாமாகப் போய்வரும், பெரியவற்றுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். உள்ளே அடர்த்தியாகத் தெரியும் நியூக்ளியோலஸுக்குச் சவ்வு கிடையாது. ரைபோசோமின் பாகங்கள் அங்கேதான் கோக்கப்படுகின்றன. புரதம் அதிகம் செய்யும் செல்லில் நியூக்ளியோலஸ் பெரிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

படி 5: நெல்லிக்காயும் சொரசொரப்பான வலையும்

தூது ஆர்என்ஏ வெளியே வந்ததும் ரைபோசோம் அதைப் பிடித்துக்கொள்கிறது. சின்னத் துண்டு செய்தியைப் படிக்கும், பெரிய துண்டு புரதச் சங்கிலியின் மணிகளான அமினோ அமிலங்களைக் கோக்கும். நம் செல்லில் 40எஸ், 60எஸ் சேர்ந்து 80எஸ். நாற்பதும் அறுபதும் நூறுதானே என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். எஸ் என்பது எடை இல்லை, மையவிலக்கியில் சுழற்றும்போது எவ்வளவு வேகமாகக் கீழே படிகிறது என்பதன் அளவு. அதைக் கூட்ட முடியாது. பாக்டீரியாவில் இருப்பது 70எஸ். இந்த வித்தியாசத்தால்தான் டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் கிருமியின் ரைபோசோமை முடக்கி நம்முடையதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டியதற்கு 2009-ல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவர் தீர்த்துக்கொடுத்தது பாக்டீரிய ரைபோசோமின் சின்னத் துண்டை.

இனிமேல் வருவதை நிதானமாகப் படியுங்கள். ரைபோசோம் முதலில் சைட்டோபிளாசத்தில் மிதந்தபடிதான் வேலையைத் தொடங்குகிறது. இன்சுலின் சங்கிலியின் முதல் 24 அமினோ அமிலங்கள் வெளியே எட்டிப்பார்த்ததும், அதை ஒரு துகள் அடையாளம் கண்டு பிடித்து, கோப்பதை நிறுத்திவைத்து, ரைபோசோமை அப்படியே எண்டோபிளாச வலைப்பின்னலின் வாசலுக்கு இழுத்துப் போகிறது. அங்கே ஒட்டிய பிறகுதான் மீதிச் சங்கிலி உள்ளே இறங்குகிறது. அந்த 24 அமினோ அமிலங்கள்தான் கடிதத்தின் மேல் ஒட்டிய விலாசச் சீட்டு. வேலை முடிந்ததும் வெட்டி எறியப்படும். புரதம் தன் விலாசத்தைத் தானே சுமக்கிறது என்று காட்டியதற்காக குந்தர் புளோபெலுக்கு 1999-ல் நோபல் கிடைத்தது. ஆக, மிதக்கும் ரைபோசோம், ஒட்டிய ரைபோசோம் என்று இரண்டு சாதி இல்லை. கையில் என்ன கடிதம் வருகிறதோ அதைப் பொறுத்து இடம் மாறுகிறது, அவ்வளவுதான். வலையின் மேல் இவை ஒட்டியிருப்பதால்தான் அது சொரசொரப்பாகத் தெரிகிறது.

110 அமினோ அமிலங்களோடு தொடங்கிய சங்கிலி, சீட்டு போனதும் 86. இதன் பெயர் புரோஇன்சுலின். வலைக்குள் அது மடிந்து, மூன்று இடங்களில் கந்தகப் பிணைப்பால் தைக்கப்படுகிறது. தையல் தவறினால் அந்தச் சங்கிலி திரும்ப வெளியே இழுக்கப்பட்டு உடைக்கப்படும். தரப் பரிசோதனை கண்டிப்பானது. அகிட்டா எலி என்று ஒரு ஆய்வக எலி வகை உண்டு. அதன் ஒரு இன்சுலின் ஜீனில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் ஒரு தையல் போடவே முடியாது. மடங்காத இன்சுலின் வலைக்குள் குவிந்து, பீட்டா செல் நெருக்கடியில் செத்து, எலிக்குச் சர்க்கரை நோய் வந்துவிடும். இதே மாதிரி ஜீன் மாற்றத்தால் பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் வரும் குழந்தைகளும் உண்டு.

வழவழப்பான வலைப்பின்னல் வேறு வேலைக்காரன்: கொழுப்பு, ஸ்டீராய்டு செய்வது, கல்லீரலில் மருந்துகளையும் நஞ்சையும் சிதைப்பது, கால்சியத்தைச் சேமிப்பது. நம் பயணத்தில் அதற்குப் பெரிய பங்கு இல்லை.

படி 6: கோல்கையில் பிரித்து அனுப்புவது

வலையிலிருந்து சவ்வுக்குமிழிகள் மொட்டுவிட்டு, புரோஇன்சுலினைச் சுமந்து கோல்கை உறுப்புக்குப் போகின்றன. அடுக்கி வைத்த ஆப்பம் மாதிரி தட்டையான பைகள். ஒரு பக்கம் வாங்கும், மறுபக்கம் அனுப்பும். 1898-ல் கேமில்லோ கோல்கி வெள்ளிச் சாயம் ஏற்றிய ஆந்தையின் நரம்புச் செல்லில் இதைப் பார்த்தபோது, அது சாயத்தால் வந்த மாயத்தோற்றம் என்று பலர் வாதாடினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துதான் 1950-களில் வழக்கு தீர்ந்தது.

இங்கே நடப்பது பிரித்தல். ஏற்றுமதி ஒரு பக்கம், செல்சவ்வுக்குப் போவது ஒரு பக்கம், லைசோசோமுக்குப் போவது இன்னொரு பக்கம். லைசோசோம் நொதிகளுக்கு மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரை முத்திரை குத்தப்படும். அந்த முத்திரை குத்தும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு ஐ-செல் நோய் வருகிறது. நொதிகள் எல்லாம் ஒழுங்காகத் தயாராகின்றன, விலாசம் இல்லாததால் செல்லுக்கு வெளியே கொட்டிவிடுகின்றன. உள்ளே லைசோசோமில் குப்பை சேர்கிறது. கோல்கை என்ன செய்கிறது என்று கேட்டால் நான் இந்த நோயைத்தான் சொல்வேன்.

இந்தப் பாதை ஊகமல்ல. ஜார்ஜ் பலாடேயும் ஜேம்ஸ் ஜேமிசனும் 1960-களில் கினிப்பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தை 3 நிமிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் பிறகு சாதாரண அமினோ அமிலத்துக்கு மாற்றினார்கள். முதலில் சொரசொரப்பான வலையில் தெரிந்த கதிரியக்கம், அப்புறம் கோல்கைப் பக்கம் நகர்ந்து, சுமார் இரண்டு மணி நேரத்தில் சுரப்புத் துகள்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பலாடேக்கு 1974-ல் நோபல்.

படி 7: துகளுக்குள் கத்தரிக்கோல், துகளுக்குக் கீழே தண்டவாளம்

கோல்கையின் அனுப்பும் பக்கத்திலிருந்து கிளம்பிய துகள் இன்னும் பச்சைக் காய்தான். அதன் சவ்விலுள்ள பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளி அமிலமாக்குகின்றன. அந்தப் புளிப்பில் உயிர்பெறும் நொதிகள் புரோஇன்சுலினின் நடுத்துண்டை வெட்டுகின்றன. இரு முனைகளும் சேர்ந்து 51 அமினோ அமிலம் கொண்ட இன்சுலின். வெட்டிய துண்டில் 31 அமினோ அமிலங்கள், அதுதான் சி-பெப்டைடு. டொனால்ட் ஸ்டைனர் 1967-ல் புரோஇன்சுலினைக் கண்டுபிடித்தபோது இந்த வெட்டு வெளிச்சத்துக்கு வந்தது. ஆறு இன்சுலின்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து படிகமாகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பு மணியாகத் தெரிவது அந்தப் படிகம்.

சி-பெப்டைடு குப்பையாக வீசப்படுவதில்லை, அதே துகளுக்குள்ளேயே இருக்கும். துகள் திறந்தால் இரண்டும் சம எண்ணிக்கையில் ரத்தத்துக்குப் போகும். ஊசியில் போடும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. ஆகவே ஊசி போட்டுக்கொள்பவரின் கணையம் இன்னும் சொந்தமாகச் சுரக்கிறதா என்று அறிய மருத்துவர் சி-பெப்டைடு பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார். அந்த ரிப்போர்ட்டில் உள்ள எண், உண்மையில் இந்த நொதிக் கத்தரிக்கோல் எத்தனை முறை வெட்டியது என்பதன் கணக்கு.

ஒரு பீட்டா செல்லில் இப்படிச் சுமார் 10,000 துகள்கள். அவை செல்சவ்வுக்கு மிதந்து போவதில்லை. நுண்குழல்கள் என்ற அந்த ஒரு அங்குல பைப்புகள்தான் தண்டவாளம். கைனசின் என்ற புரதம் இரண்டு கால் வைத்து, அடிக்கு 8 நானோமீட்டராக, சரக்கைச் சுமந்து நடக்கிறது. நுண்குழல், நுண்ணிழை, இடைநிலை இழை மூன்றும் சேர்ந்தது செல் சட்டகம். செல்லின் வடிவத்தைத் தாங்குவதும் இதுவே. குழல்கள் கிளம்பும் இடத்தில், விலங்குச் செல்லில் இரண்டு சென்ட்ரியோல்கள் உண்டு. கத்தரிச்செடிக்குக் கிடையாது.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளுக்கு இந்த இடத்தில் வேலை இருக்கிறது. அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு. விதைக்காகவே தாராபுரம், மூலனூர் பக்கம் பந்தல் போட்டுச் சாகுபடி செய்கிறார்கள். கோல்ச்சிசின், நுண்குழல் கட்டும் டியூபுலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு குழல் வளரவிடாமல் செய்யும். தண்டவாளம் இல்லாவிட்டால் இன்சுலின் வெளியேறுவது குறைகிறது என்று 1968-லேயே கோல்ச்சிசினை வைத்துக் காட்டினார்கள். செல் பிரிவில் குரோமோசோம்களை இழுப்பதும் இதே குழல்கள்தான், அதனால் அதுவும் நின்றுவிடும். செங்காந்தள் கிழங்கைத் தின்றவர்கள் உயிருக்குப் போராடுவது இதனால்தான். அழகான பூதான், தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 8: மைட்டோகாண்ட்ரியா, ஆற்றல் நிலையம் மட்டுமல்ல

துகள்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. யார் கதவைத் திறப்பது? நான்கு இட்லி சாப்பிட்டு முக்கால் மணி நேரம் ஆகிறது, ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது, பீட்டா செல்லுக்குள்ளும் நுழைகிறது. சைட்டோபிளாசத்தில் கிளைக்காலிசிஸ் என்ற வினைத்தொடர் அதை இரண்டு பைருவேட்டாக உடைத்து, நிகரமாக 2 ஏடிபி தருகிறது. ஏடிபி என்பது செல் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது.

வெளிச் சவ்வு வழவழப்பானது. உட்சவ்வு மடிப்பு மடிப்பாக உள்ளே இறங்கும், அந்த மடிப்புகள் கிரிஸ்டே. மடிப்பு எதற்கு? பரப்பு கூடினால் கூடுதல் இயந்திரம் பொருத்தலாம். பைருவேட்டிலிருந்து வருவதை எரிக்கும் கிரெப்ஸ் சுழற்சி உள்ளே மேட்ரிக்ஸில் நடந்து எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. அவை உட்சவ்வில் கைமாறிக் கைமாறி ஆக்சிஜனிடம் போகும்போது, ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு சவ்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குத் தள்ளப்படுகின்றன. அணையில் தேங்கிய தண்ணீர் டர்பைன் வழியாக இறங்குவது போல் அவை ஏடிபி சின்தேஸ் வழியாகத் திரும்பி இறங்குகின்றன. அந்த நொதி நிஜமாகவே சுழல்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் 30 முதல் 32 ஏடிபி என்பது இப்போதைய கணக்கு. பழைய பாடப்புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும். தேர்வுக்குப் போகிறவர்கள் உங்கள் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள், சண்டைக்குப் போகாதீர்கள்.

பீட்டா செல்லின் தந்திரம் இங்கேதான். அதன் செல்சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாய்க்கால்கள் உண்டு. செல்லுக்குள் ஏடிபி கூடினால் அவை மூடிக்கொள்ளும். பொட்டாசியம் வெளியேற முடியாமல் சவ்வின் மின்னழுத்தம் மாறும், கால்சிய வாய்க்கால் திறக்கும், கால்சியம் பாயும், துகள் செல்சவ்வோடு இணைந்து இன்சுலினைக் கொட்டும். குமிழிகள் சவ்வோடு இணையும் இந்த நுட்பத்தை விளக்கியதற்குத்தான் ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013-ல் நோபல். அதாவது இந்தச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா ஒரு சர்க்கரை மீட்டர். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் ஏடிபிக்காகக் காத்திருக்காமல் அந்தப் பொட்டாசிய வாய்க்காலை நேராக மூடுகின்றன. சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டால் சர்க்கரை இறங்கித் தலை சுற்றுவது அதனால்தான்: மீட்டர் என்ன காட்டினாலும் கதவு திறந்துவிடுகிறது.

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக வட்ட டிஎன்ஏ இருக்கிறது. மனிதரில் 16,569 எழுத்துகள், 37 ஜீன்கள். சொந்த ரைபோசோமும் உண்டு, பாக்டீரியாவினுடையதைப் போன்றது. எப்போதோ விழுங்கப்பட்டு, செரிக்காமல், உள்ளேயே குடியேறிவிட்ட பாக்டீரியாவின் வாரிசு இது. லின் மார்குலிஸ் 1967-ல் இதை அழுத்திச் சொன்னபோது பலர் சிரித்தார்கள், இப்போது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இந்த டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டும் வருவது. அதில் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறினால் தாய்வழியில் சர்க்கரை நோயும் காது கேளாமையும் சேர்ந்து வரும் ஒரு வகை உண்டு. மீட்டர் பழுதானால் கதவு திறக்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

படி 9: மிஞ்சியதைச் செரிப்பது

விற்காத சரக்கு பழசாகும். பழைய இன்சுலின் துகள்கள் லைசோசோமோடு இணைந்து உடைக்கப்பட்டு, அமினோ அமிலங்கள் திரும்பப் பயன்பாட்டுக்கு வருகின்றன. லைசோசோம் ஒற்றைச் சவ்வுப் பை, உள்ளே பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவு) சுமார் 5, வெளியே சைட்டோபிளாசத்தில் 7.2. அதன் நொதிகளுக்குப் புளிப்பு வேண்டும். பை கிழிந்து கொஞ்சம் சிந்தினாலும் வெளியே அவை மந்தமாகிவிடும், வாழைப்பூ மோரில் மந்தமானதற்கு நேரெதிர்க் கதை. "தற்கொலைப் பை" என்ற பட்டம் எனக்குப் பிடிப்பதில்லை. அன்றாடம் அது செய்வது பழைய சாமான் கடை வேலை.

அது கண்டுபிடிக்கப்பட்ட கதைக்கும் இன்சுலினுக்கும் சம்பந்தம் உண்டு. பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டூவ் இன்சுலின் கல்லீரலில் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதியையும் அளந்தார். எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. அந்தக் கல்லீரல் கரைசலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஐந்து நாள் கழித்து அளந்தால், அளவு எகிறியிருந்தது. நொதி ஏதோ பைக்குள் அடைபட்டிருந்தது, பை சிதைந்ததும் வெளியே வந்தது என்று புரிந்தது. 1955-ல் அதற்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார்.

பெராக்சிசோமும் அவருடைய குழு கண்டதுதான். நீளமான கொழுப்பு அமிலங்களை உடைக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கேட்டலேஸ் நொதியால் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்றும். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், பொங்கும். பீட்டா செல்லில் கேட்டலேஸ் மிகக் குறைவு. அது சுலபமாக அடிபடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 10: தாவரத்துக்கு மட்டும் உள்ளவை

கணையத்தில் இல்லாத மூன்று மிச்சம். பசுங்கணிகத்துக்கு இரட்டை உறை, உள்ளே தைலகாய்டு என்ற தட்டுகள் காசு அடுக்கியது போல் கிரானாக்களாக நிற்கும். ஒளியைப் பிடிப்பது தட்டில், சர்க்கரை கட்டுவது சுற்றியுள்ள ஸ்ட்ரோமாவில். இதற்கும் சொந்த டிஎன்ஏ உண்டு, இதுவும் குடியேறிய பாக்டீரியாதான். தக்காளி பழுக்கும்போது இதே பசுங்கணிகங்கள் பச்சையம் இழந்து சிவப்பு வண்ணக்கணிகங்களாகின்றன.

வாக்குவோல் முதிர்ந்த தாவரச் செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். வாடிய கீரையில் தண்ணீர் தெளித்தால் நிமிர்வது வாக்குவோல் திரும்ப நிரம்பிச் செல்சுவரை அழுத்துவதால். பீட்ரூட்டின் சிவப்பும் அதற்குள்தான். பச்சைத் துண்டைக் கழுவிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் நிறம் அவ்வளவாக இறங்காது. கொதிக்க வைத்தால் சவ்வு உடைந்து தண்ணீர் முழுக்கச் சிவக்கும். செல்சுவர் செல்லுலோஸால் ஆனது, பெயிண்ட் அடித்தது போல் எல்லாப் பக்கமும் சூழ்ந்திருந்தாலும் இடையிடையே துளைகள் வழியே பக்கத்துச் செல்லோடு பேச்சுவார்த்தை உண்டு.

படி 11: இப்போது நீங்கள்

நோட்டை மூடிவிட்டு, பீட்டா செல்லை நினைவிலிருந்து வரையுங்கள். பெயர் எழுதுவதற்கு முன் அம்புக்குறி போடுங்கள்: உட்கரு, சொரசொரப்பான வலை, கோல்கை, துகள், செல்சவ்வு. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து பொட்டாசிய வாய்க்காலுக்கு ஒரு தனி அம்பு. அம்பு தப்பாமல் வந்தால் பெயர்கள் தானே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, பார்க்காத செல்லை ஊகியுங்கள். டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்லில் எது அதிகம் இருக்கும்? அது ஸ்டீராய்டு, ஆகவே வழவழப்பான வலை. எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்லில்? ஏற்றுமதிப் புரதம், ஆகவே சொரசொரப்பான வலையும் பெரிய கோல்கையும். விந்தணுவில்? வால் ஆட எரிபொருள் வேண்டும், நடுப்பகுதியில் மைட்டோகாண்ட்ரியா சுருளாகச் சுற்றியிருக்கும்.

கடைசியாகச் சிவப்பணு. முதிர்ந்த பிறகு அதில் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, ரைபோசோமும் இல்லை. எரிபொருளுக்குக் கிளைக்காலிசிஸின் 2 ஏடிபியை வைத்து ஓட்டுகிறது. புதுப் புரதம் செய்ய வழியில்லாததால், பிறக்கும்போது கிடைத்த ஹீமோகுளோபினோடுதான் சுமார் 120 நாள் காலம் தள்ள வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை கூடும்போதெல்லாம் கொஞ்சம் குளுக்கோஸ் அந்த ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும், அதை மாற்ற ஆள் இல்லை. லேபில் எச்பிஏ1சி என்று எழுதி, கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி என்று சொல்கிறார்களே, அது அந்த ஒட்டலின் அளவுதான்.